தைலமரக் காட்டில் ஆடு எதைத் தின்னும்?

திருமயம் பக்கம் வெள்ளாடு மேய்க்கிறவர்கள் கையில் தொரட்டி இருக்கும். வெள்வேலங் கொப்பை வளைத்து இழுத்துக் கொடுப்பார்கள். அதுவரை பொறுக்காத கிடா முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றி எழுந்து நிற்கும். முள்ளுக்கு முள் உதட்டை நுழைத்து இலையை மட்டும் உருவும். எங்கள் வீட்டு ஆடுகள் இப்படி மேய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒட்டகச்சிவிங்கி நினைவுக்கு வரும். அது தொரட்டியைக் கழுத்திலேயே வைத்திருக்கிறது.

ஆறடிக் கழுத்து, ஆனால் உள்ளே இருப்பது ஏழே எலும்புகள். வெள்ளாட்டுக்கும் ஏழு, நமக்கும் ஏழு. அதற்கு மட்டும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அவ்வளவு உயரத்துக்கு ரத்தம் ஏற வேண்டுமே, அதனால் ரத்த அழுத்தம் நம்மைப்போல் இரு மடங்கு. ஒன்றரை அடி நாக்கால் முள்கிளையை வளைத்து இலையை இழுக்கும். தண்ணீர்த் தேவையில் பெரும்பகுதி அந்த இலையிலேயே கிடைத்துவிடும்.

அது விரும்பித் தின்பது வேல மரங்களை. நம் வெள்வேலும் குடைவேலும் அதே குடும்பம். கருவேல் ஆப்பிரிக்காவிலும் வளர்கிறது. மேய்ந்தால் மரம் அழியும் என்பதுதான் இங்கே பொதுப்பேச்சு. ஆனால் கென்யாவில் 1995இல் ஆய்வுக்காக மின்வேலி போட்டு யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நுழையாமல் தடுத்தார்கள். பத்தாண்டு கழித்து, அங்கிருந்த ஒருவகை வேலமரம் தன்னைக் காக்கும் எறும்புகளுக்குத் தேன் சுரப்பதைக் குறைத்திருந்தது. காவல் எறும்புகள் பலம் இழந்தன. தண்டைத் துளைக்கும் வண்டுகளுக்கு இடம்கொடுக்கும் வேறு எறும்பு வந்து குடியேறியது. மரங்களின் வளர்ச்சி குறைந்தது, சாவு கூடியது. 2008இல் வெளியான ஆய்வு இது. அளவோடு மேய்வதும் சில மரங்களுக்கு வேண்டியிருக்கிறது.

எங்கள் புதுக்கோட்டையில் பரந்து நிற்பதோ தைலமரம். அதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் அது உறிஞ்சும் நிலத்தடி நீரைச் சொல்கிறார்கள். நியாயம்தான். மேய்ச்சலைச் சொல்ல ஆளில்லை. தைல இலையை ஆஸ்திரேலியாவின் கோலா தின்னும். நம் ஆடு வாய் வைக்காது. மைல் கணக்கில் பச்சையாக நிற்கும், ஆட்டுக்கு அதில் ஒரு கவளம் இல்லை. சீமைக்கருவேலை அழிக்கிறோம் என்று கிளம்புகிற இயந்திரம் நாட்டுக் கருவேலையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுவது தனிக் கொடுமை. ஆடு வைத்துப் பிழைக்கும் நிலமில்லாத பெண்கள் தழைக்கு எங்கே போவார்கள்?

ஆப்பிரிக்காவில் வாழிடம் சுருங்கியதும் வேட்டையும் சேர்ந்து, 2016இல் ஒட்டகச்சிவிங்கி அழியக்கூடிய இனங்களின் பட்டியலுக்கு வந்துவிட்டது. மேய்ச்சல் காடு போனால் மேயும் உயிருக்கும் அதுதான் கதி.

தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி தைலமரத்தை வெட்டும் இடங்களில், ஊரை ஒட்டிய பகுதியிலாவது மறுபடி தைலக்கன்று வைக்காதீர்கள். வெள்வேல், கருவேல், குடைவேல் விதையுங்கள். கன்றுகள் தலைதூக்கும் வரை ஆட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எங்கள் ஊர்க்காரர்களிடம் கொடுங்கள்.