ஐந்து மணிக்காரர்களும் இரண்டு மணிக்காரர்களும்

சுயமுன்னேற்ற நூல்களின்மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. என் அலமாரியில் அவை ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. எல்லாமே புத்தம் புதியவைபோல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொன்றிலும் முதல் நாற்பது பக்கங்களுக்குள்ளாகவே நான் போதிய அளவு முன்னேறிவிட்டதாக உணர்ந்து மூடிவைத்துவிடுவது வழக்கம்.

பணி ஓய்வு பெற்ற சில மாதங்களில் மகன் ஒரு நூலை அனுப்பிவைத்தான். ராபின் ஷர்மா 2018-இல் எழுதி வெளியிட்ட 'தி ஃபைவ் ஏஎம் கிளப்'. (மகன் தந்தைக்கு இத்தகைய நூலை அனுப்புவதன் உட்பொருளை நான் ஆராயப் போகவில்லை.) காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், முதல் 60 நிமிடங்களை மூன்று இருபதுகளாகப் பிரித்து உடற்பயிற்சி, சிந்தனை, கற்றல் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும், வாழ்க்கை உயர்ந்துவிடும். சாரம் இவ்வளவுதான். நான் உடனே கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். நம்மவர்களில் பலருக்கும் சுயமுன்னேற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அங்கேயே முடிந்தும் போகிறது.

முதல் நாள் கைப்பேசி அலாரம் அலறியதில் விழித்துக்கொண்டவர் என் மனைவி. "நீங்க திருந்துகதுக்கு நான் ஏன் உறக்கம் முழிக்கணும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நானும் அந்தக் கேள்வியின் நியாயத்தைச் சிந்தித்தபடியே உறங்கிப்போனேன். நோட்டில் 'சிந்தனை' என்ற கட்டத்தில் மட்டும் அன்று ஒரு குறி போட முடிந்தது.

மூன்றாம் நாள் வெற்றிகரமாக எழுந்து, ஒரு தவசியின் மிடுக்கோடு தெருவில் இறங்கினேன். நான் வாழும் ஊர் தோவாளை என்பதை அந்த மிடுக்கில் மறந்துவிட்டேன். ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வந்து அறையும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பூவுக்குப் பேர்பெற்றது. பிச்சியும் மல்லிகையும் அரளியும் கேந்தியும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் இருட்டோடு இருட்டாகச் சந்தைக்கு வந்து சேரும். திருவனந்தபுரம் வரையிலும் அதற்கு அப்பாலும் போக வேண்டிய பூ, விடியுமுன் வண்டி ஏறியாக வேண்டும்.

ஐந்து மணிக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது வியாபாரத்தின் சூடு தணியத் தொடங்கியிருந்தது. தேநீர்க் கடையில் இரண்டாவது சுற்று பால் கொதித்துக்கொண்டிருந்தது. பூப் பறித்துப் போட்டுவிட்டு வெறுங்கடவத்தோடு திரும்பிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்மணி என்னைக் கண்டு நின்றார். "என்ன அண்ணாச்சி, இப்பந்தான் எந்திரிச்சியளா? மேலுக்குச் சுகமில்லையா?"

உலகின் வெற்றியாளர்கள் கூடும் கழகத்தில் உறுப்பினனாகச் சேர்ந்துவிட்ட ஒருவனுக்குக் கிடைத்த வரவேற்பு இது.

அவர் எழுவது இரண்டு மணிக்கு. அலாரம் வைப்பீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வெயில் ஏறினா மொட்டு போச்சுல்லா? சந்தையும் கலைஞ்சிரும். பிறவு எந்திரிச்சு என்ன செய்ய?" என்றார். மன உறுதி, இலக்கு, பழக்கத்தின் ஆற்றல் என்று நூலாசிரியர்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குவதில் ஒரு சொல்லும் அந்த விடையில் இல்லை. அதில் இருந்தது மொட்டு மட்டுமே.

வீடு திரும்பும் வழியில் என் மிடுக்கு முழுவதும் வடிந்து, அதன் இடத்தில் ஓர் ஐயம் புகுந்தது. அதிகாலையில் எழுந்தால் வாழ்க்கை உயரும் என்பது உண்மையானால், தலைமுறை தலைமுறையாக இரண்டு மணிக்கு எழுந்துவரும் இந்தப் பெண்கள் இன்று மாளிகைகளில் அல்லவா இருக்க வேண்டும்? அவர்களுடைய வரும்படி அவர்களுடைய பழக்கத்தைப் பொறுத்து ஏறுவதில்லை. முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு பிச்சி விலை மலை ஏறும். முகூர்த்தம் கழிந்த மறுநாள் பள்ளத்தில் கிடக்கும். அத்தம் தொட்டுத் திருவோணம் வரையிலான பத்து நாட்கள் மலையாளக் கரையின் முற்றங்களில் பூக்களம் விரியும். அப்போது சந்தைக்கு உறக்கமே கிடையாது. ஒரு மழை வந்தால் மொட்டும் போயிற்று, கூலியும் போயிற்று. இவற்றுள் எதையும் எந்த ஒழுக்கத்தாலும் மாற்ற முடியாது. 'நீ இன்னும் உயராமல் இருப்பதற்குக் காரணம் நீ இன்னும் எழவில்லை' என்று சொல்லும் நூல், இந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும். நான் சுயமுன்னேற்ற நூல்களைக் கேலி செய்கிறேனே தவிர, அவற்றின்மேல் கோபப்படும் இடம் இது ஒன்றுதான்.

அதிகாலை எழுபவர்கள் எல்லாரும் புண்ணியாத்துமாக்கள் என்றும் கொள்ள வேண்டியதில்லை. பூவின்மேல் தண்ணீர் தெளிப்பது வாடாமல் இருப்பதற்காகவா, எடை கூடுவதற்காகவா என்பது எந்த ஊர்ச் சந்தையிலும் தெளித்தவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம். மனிதன் எத்தனை மணிக்கு எழுந்தாலும் எழுந்திருப்பவன் அதே மனிதன்தான்.

நோட்டுக்குத் திரும்புகிறேன். இந்த நோட்டுப் போடும் வழக்கத்துக்கு மூலபுருஷர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயின்று, தவறியபோதெல்லாம் கரும்புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டதால், ஈரப் பஞ்சால் துடைத்துக்கொள்ளத்தக்க தந்த ஏடுகளுக்கு மாறினார் என்று அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பொருட்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லையாம். அதற்கு ஒரு கதையும் சொல்கிறார். கோடரி முழுவதும் விளிம்பைப்போலவே பளபளக்க வேண்டும் என்று கேட்டவனிடம், கொல்லன் சாணைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னான். சுற்றிக் களைத்தவன், 'புள்ளி விழுந்த கோடரியே எனக்குப் பிடித்திருக்கிறது' என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். என் நோட்டைப் பதினோராம் நாள் மூடியபோது அந்தக் கோடரிக்காரனை உறவினனாக உணர்ந்தேன்.

அதற்கு அடுத்த ஆண்டு என் மனைவிக்குக் கண்புரை அறுவை நடந்தது. குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது, வேளை தவறாமல் கண்ணில் மருந்து விட வேண்டும். முதல் வேளை மருந்து அதிகாலையில். நான் அலாரம் வைக்கவில்லை என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். நாலரைக்கெல்லாம் கண் தானாகத் திறந்தது. மருந்து விட்டு, காப்பி போட்டு, முற்றம் தெளித்து முடிக்கையில்தான் விடியும். அப்போது எந்த நோட்டிலும் நான் குறி போடவில்லை. எனக்கு மொட்டு கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்' என்னும் நூலே இவ்வகை எழுத்துக்கெல்லாம் பெயர் தந்தது. அதன் பிறப்புக் கதையை முன்னுரையில் அவரே சொல்கிறார். வட இங்கிலாந்து நகரம் ஒன்றில் எளிய இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் குளிர்கால மாலைகளில் கூடித் தாம் அறிந்ததை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகியது. காலரா நோயாளிகளுக்காகத் தற்காலிகமாகப் பயன்பட்ட இருண்ட கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஆற்றிய உரைகளே பிற்பாடு நூலாயின. தனக்குத்தானே உதவிக்கொள்வது பற்றிய நூல், ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டவர்களிடமிருந்து பிறந்திருக்கிறது. தலைப்பு மட்டுமே உலகெங்கும் பரவியது; அந்தக் கூடம் மறந்துபோயிற்று.

எங்கள் ஊரின் மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செவ்வரளியும் வெள்ளரளியும் நொச்சி இலையும் வரிசை பிசகாமல் மடிந்து, மணிகள் பதித்த பட்டைபோலக் கிடக்கும் மாலை அது. அதைக் கட்டும் விரல்கள் எந்த நூலையும் படித்துப் பழகவில்லை. மூத்தவர்களின் அருகில் உட்கார்ந்து பழகின. மாலை கோவிலுக்குப் போக வேண்டிய நேரம் ஒன்று இருந்ததால் வேகமும் வந்தது.

ஆகவே நண்பர்களே, திருந்த விரும்பினால் நோட்டு வாங்குமுன் உங்களுக்காகக் காத்திருப்பது யார், எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் நிம்மதியாக உறங்குங்கள். அதுவும் உடம்புக்கு நல்லதே.

நான் திருந்திவிட்டேனா என்று கேட்பீர்கள். மனைவியின் கண் தெளிந்தது. அதன் மறுவாரமே நான் பழையபடி ஏழு மணிக்காரன் ஆனேன். தெளிந்த கண்ணால் அவள் முதலில் பார்த்தது, நான் காப்பி போடும்போது அடுப்பு மேடையில் செய்துவைத்திருந்த அலங்கோலத்தை. ஆனாலும் காலைக் காப்பி மட்டும் இன்றுவரை என் பொறுப்பிலேயே இருக்கிறது. ஏழு மணிக் காப்பிதான். குடித்துக்கொண்டே அதைக் குறை சொல்ல ஒருவர் காத்திருக்கிறார்.