போதகரும் நடக்கட்டும்!

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். இடையில் எத்தனையோ கிராமங்கள். பஸ் இல்லாத காலத்தில் போதகர்கள் ஊர் ஊராக நடந்தே போனார்கள். இன்று மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. நடை போயிற்று.

கவலை மட்டும் போகவில்லை! காலையில் கல்யாணம், மாலையில் அடக்கம். நடுவில் ஆஸ்பத்திரியில் ஜெபம். இரவில் ஒரு வீட்டுச் சண்டைக்குச் சமாதானம். ஊரார் துயரத்தை எல்லாம் கேட்பவர், தன் துயரத்தை யாரிடம் சொல்வார்? போகிற வீட்டில் எல்லாம் காப்பி, பலகாரம். வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு வருத்தம்!

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து மெதடிஸ்ட் போதகர்களை டியூக் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். மற்றவர்களைவிடப் போதகர்களிடம் உடல் பருமன் அதிகம் என்று 2010-ல் தெரிவித்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது என்ன? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடற்பயிற்சி. சற்று வேகமாக நடந்தாலே போதும். ஐந்து நாள், அரை மணி வீதம். மனபாரம் குறையும். மாமல்லபுரத்தில் கடற்கரை இருக்கிறது. செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக்கரை இருக்கிறது.

"போதகருக்கு வேலை இல்லையா?" என்று கேட்கும் நாக்கும் இருக்கிறது! அதுவும் அவர் வேலைதான். அந்த அரை மணி நேரம் சபையார் அவரைப் போனில் கூப்பிடாமல் இருக்க வேண்டும். சாவு என்றால் கூப்பிடலாம். ரசீதுப் புத்தகம் எங்கே என்று கேட்க, எட்டு மணி வரை பொறுக்கலாம்.