வேலை தமிழனுக்கு, விதி ஆங்கிலத்திலா?



ஒரு நாட்டில் ஒரு மொழி எங்கு வாழ்கின்றது என்று வினவினால், ஏட்டிலும் மேடையிலும் என்று விடை கூறி அமைந்துவிடுவோர் நம்மிற் பலர். அவ்விடை முழு உண்மையன்று. உழைக்கின்றவனுக்கு இடப்படும் கட்டளை எம்மொழியில் உள்ளதோ, அவன் கூலிக் கணக்கு எம்மொழியில் எழுதப்படுகின்றதோ, அவனை வேலையினின்று நீக்குங்கால் அதற்குரிய கரணியம் எம்மொழியில் உரைக்கப்படுகின்றதோ, அம்மொழியே அந்நாட்டை உண்மையில் ஆள்கின்ற மொழியாகும். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு இற்றைத் தமிழகத் தெருக்களை அளந்து பார்த்தால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கின்றது.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு. உணவுப் பொதிகளை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஒருவர், உந்துருளியை ஓரமாக நிறுத்திவிட்டு, நனைந்த கைப்பேசியைச் சட்டையில் துடைத்து நம்மிடம் நீட்டினார். "இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்றார். இரண்டே வரிகள், இரண்டும் ஆங்கிலம். நிறுவன விதிகளை மீறியமையால் அவர்தம் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்பது அவற்றின் பொருள். எந்த விதி? எந்த நாளில்? யார் சொன்ன குறை? யாரிடம் முறையிடுவது? ஒன்றும் இல்லை. ஆங்கிலம் படித்த நமக்கே அதற்குமேல் விளங்கவில்லை. அவரோ, "அப்படியென்றால் நாளைக்கு வேலை உண்டா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அவ்வினாவிற்கு நம்மிடம் விடையில்லை. அவருடைய மேலாளர் யாரென்று வினவினோம். அப்படி ஒருவரைத் தாம் கண்டதே இல்லை என்றார்.

முதலாளியின் கொடுமையைப் பற்றி நம் முன்னோர் எழுதிய காலத்தில், முதலாளிக்கு ஒரு முகமாவது இருந்தது. ஆலை வாயிலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூவ முடிந்தது. இன்று கட்டளை இடுவது ஒரு செயலி. எவருக்கு எந்த வேலை, எவ்வளவு கூலி, யாருக்கு ஊக்கத்தொகை, யாருக்கு ஒறுப்பு என்று முடிவு செய்வது, எங்கோ ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீட்டு முறை. அதற்கு முகமில்லை, காதில்லை. வாய் மட்டும் இருக்கின்றது. அவ்வாயும் நம் மொழியைப் பேசுவதில்லை. செயலியின் பொத்தான்கள் சிலவற்றில் தமிழ் தலைகாட்டக்கூடும். ஆனால் உழைப்பவனைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமோ, பெரும்பாலும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் நீண்டு கிடக்கின்றது. அதன் கடைக்கோடியில் 'ஒப்புகின்றேன்' என்று ஒரு கட்டம். படிக்காமலே அதை அழுத்தினால்தான் வேலை. படிக்கவியலாத ஒன்றிற்குக் கொடுக்கும் ஒப்புதல் ஒப்புதலாகுமா? அது வெற்றுத்தாளில் கைந்நாட்டு வாங்கிய பழைய வட்டிக்கடைக்காரனின் முறையேயன்றி வேறென்ன?

இதனினும் கொடியது அவர்கள் சூட்டியுள்ள பெயர். இவ்விளைஞரைத் தொழிலாளி என்று அந்நிறுவனங்கள் அழைப்பதில்லை. பங்காளர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கின்றன. பங்காளி என்பவன் யார் என்று தமிழனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பங்காளியென்றால் வரப்பில் பாதி கேட்பான். விளைச்சலில் அளவு கேட்பான். கணக்கேட்டைக் கொண்டுவா என்று முற்றத்தில் வந்து நிற்பான். பங்கும் இல்லை, கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லை, நாளை காலையில் கணக்கு முடக்கப்படாது என்னும் உறுதியும் இல்லை. ஆனால் பெயர் மட்டும் பங்காளர்! தொழிலாளி என்று சொன்னால் தொழிலாளர் சட்டங்கள் வந்து நிற்குமென்பதாலேயே இப்பெயர் மாற்றம். சொல்லைக் குலைத்தால் உரிமையும் குலையும் என்று நாம் சொல்லி வருவது வெறும் இலக்கணப் பேச்சன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஒரு செய்தியை அன்பர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். 1946 ஆம் ஆண்டில், ஆங்கிலேயன் இந்நாட்டை ஆண்டுகொண்டிருந்த பொழுதே, தொழிற்சாலை நிலையாணைகள் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, வேலைநீக்கம் ஆகியன பற்றிய விதிகளை முதலாளி எழுத்தில் வைத்தல் வேண்டும். அவற்றை ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் எழுதித் தொழிலகத்தின் வாயிலருகே பலகையில் ஒட்டுதல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அயலான் ஆட்சியிலேயே பஞ்சாலை வாயிலில் தமிழில் நின்ற விதி, விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலான பின்னர், தமிழனின் சட்டைப் பைக்குள் இருக்கும் கைப்பேசியில் ஆங்கிலமாக மாறிப் போயிற்று! இதனை முன்னேற்றம் என்று எவ்வாறு சொல்வது?

கரணியம் வெளிப்படை. செயலிவழி உழைப்போரைச் சட்டம் தொழிலாளர் கூட்டத்தினின்று பிரித்து வைத்திருக்கின்றது. நடுவணரசின் 2020 ஆம் ஆண்டுக் குமுகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வழக்கமான முதலாளி தொழிலாளி உறவிற்கு வெளியே உள்ளவர்கள் என்று இவர்களை வரையறுக்கின்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டம், இந்நிறுவனங்கள் தம் ஆண்டு வணிகத் தொகையில் 1 முதல் 2 விழுக்காட்டை இவர்தம் நலனுக்கென அளிக்கவேண்டும் என்கின்றது. அதிலும் உழைப்பவர்க்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்று ஒரு வரம்பு. கொடுக்கும் தொகையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால், 'உன்னை ஏன் நீக்கினேன் என்று சொல்லமாட்டேன். நீ நோயுற்றால் கொஞ்சம் உதவுவேன்' என்பது ஈகையே தவிர உரிமையன்று.

இஃது ஏதோ சிலருடைய சிக்கல் என்று தள்ளிவிடவும் இயலாது. நடுவணரசின் நிட்டி ஆயோக்கு 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2020-21 ஆம் ஆண்டில் இந்தியா முழுமையும் இத்தகைய உழைப்பாளர் 77 இலக்கம் பேர் என்று மதிப்பிட்டது. 2029-30 இல் அத்தொகை 2 கோடியே 35 இலக்கமாகப் பெருகும் என்றும் கணித்தது. நாளை நம் பிள்ளைகளிற் பலர் நுழையப்போகும் வேலைக்களம் இதுவே.

முகமும் மொழியும் உள்ள இடத்தில் மக்கள் வெல்ல முடியும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றே உண்டு. 2023 ஏப்பிரல் 21 அன்று, வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணியாக்க இடந்தரும் சட்டமுன்வரைவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது; மே முதல் நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. எதனால்? என்ன செய்யப்பட்டது என்பது எல்லார்க்கும் தெரிந்தது, தமிழில் தெரிந்தது. யார் செய்தார் என்பதும் தெரிந்தது. தொழிற்சங்கங்கள் எழுந்தன, தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. ஆனால், ஒரு செயலி ஒரு நள்ளிரவில் கூலிக் கணக்கை மாற்றிவிட்டால், எந்தச் சட்டமன்றத்தில் அதற்கு எதிர்ப்புக் குரல் எழும்? பத்து மணிநேரத்தில் கிடைத்த வருவாயைப் பன்னிரண்டு மணிநேரம் ஓடினால்தான் ஈட்ட முடியும் என்னும் நிலை வந்தால், அதுவும் பன்னிரண்டு மணிநேரச் சட்டந்தான், அறிவிப்பில்லாத சட்டம்.

பிற நாட்டார் என் செய்தனர் என்பதையும் பார்த்தல் வேண்டும். 2021 பிப்பிரவரி 19 அன்று பிரித்தானிய உச்சநயன்மன்றம், ஊபர் நிறுவன வண்டியோட்டிகள் தனித்தொழில் செய்வோர் அல்லர், குறைந்தளவு ஊதியமும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் பெறத்தக்க உழைப்பாளரே என்று தீர்ப்பளித்தது. கட்டணத்தையும் ஒப்பந்தத்தையும் நிறுவனமே முடிவு செய்கையில், ஓட்டுபவனைத் தன்விருப்பில் தொழில் செய்பவன் என்று எவ்வாறு கொள்வது என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் வகுத்த நெறியாணை, ஒருவருடைய கணக்கை முடக்குவதையோ நீக்குவதையோ பொறி தானே முடிவு செய்யலாகாது, மாந்தரே முடிவு செய்தல் வேண்டும் என்றும், அதற்குரிய கரணியத்தை எழுத்தில் தருதல் வேண்டும் என்றும் உறுப்பு நாடுகளைப் பணித்தது.

தொலைவிலுள்ள நாடுகளை விடுங்கள். நம் அண்டை வீட்டைப் பாருங்கள். 2025 ஆம் ஆண்டில் கருநாடகம் இவ்வுழைப்பாளர்க்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. பொதுவாக எவரையும் 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்து வழியான கரணியமும் இன்றி நீக்கலாகாது என்றது. ஒப்பந்தம் எளிய நடையில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள, உழைப்பவர் அறிந்த வேறு மொழியிலோ கிடைக்க வழி செய்தது. தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். மாநிலம் முனைந்தால் செய்யலாம் என்பதைக் கன்னடர் காட்டிவிட்டனர். செம்மொழிக்குரியோர் என்று மார்தட்டும் நமக்கு இதில் நாணம் வரவேண்டும்.

தமிழக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2023 ஆம் ஆண்டில் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2025 இல் சென்னை அண்ணாநகரில் குளிரூட்டிய ஓய்வறை ஒன்று திறக்கப்பெற்றது. வெயிலில் அலைபவனுக்கு நிழல் தந்தவர்களை வாழ்த்துகின்றோம். ஆனால் நிழல் வேறு; நயன்மை வேறு. கடைகளில் நாள் முழுதும் நின்று கால்கடுத்த பணியாளர்க்கு அமரும் உரிமையை 2021 இல் சட்டமாக்கித் தந்த மாநிலம் இது. கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்று விதி வகுத்த மாநிலம் இது. 1956 இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிய மாநிலம் இது. கடையின் வாயிற்பலகை இன்று கைப்பேசித் திரைக்குள் புகுந்துவிட்டது. விதியும் அதனைப் பின்தொடர்ந்து உள்ளே செல்லவேண்டாவா?

ஆகவே நாம் கேட்பன மூன்று. முதலாவது: தமிழகத்தில் உழைப்பவருடன் செய்யப்படும் எவ்வொப்பந்தமும், அவர்க்கு விடுக்கப்படும் எவ்வறிவிப்பும் தமிழில் இருத்தல் வேண்டும், தமிழில் இல்லாத விதியைக் காட்டி எவரையும் ஒறுத்தல் செல்லாது என்று சட்டம் உரைத்தல் வேண்டும். இரண்டாவது: கூலி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது, எதனால் குறைக்கப்பட்டது, எதனால் கணக்கு முடக்கப்பட்டது என்பதை உழைப்பவர் கேட்டால் நிறுவனம் சொல்லியாக வேண்டும். மூன்றாவது: முறையீட்டைக் கேட்க, பெயரும் முகமும் உள்ள, தமிழ் பேசும் ஓர் அலுவலர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகின்றோம். வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்து நம் தெருவில் பொதி சுமக்கும் ஏழைக்கும் அவன் தாய்மொழியில் அவ்விதி விளங்கவேண்டும். அவன் நம் பகைவனல்லன். அவனும் அதே ஆங்கிலத் தாளில் கட்டைவிரல் வைத்தவனே. தன் மொழிக்கு உரிமை கேட்பவன் பிறன் மொழியின் உரிமையை மறுக்கமாட்டான்.

தமிழில் எழுதச் சொற்கள் இல்லை என்று சிலர் முனகக்கூடும். கணினி, இணையம், செயலி, தரவு, கைப்பேசி என்னும் சொற்களை நாம் ஆக்கி வழங்கிய பொழுதும் இவ்வாறே நகைத்தனர். இன்று அவற்றை நகைத்தோர் வாயும் சொல்கின்றது. பத்து மணித்துளியில் பொருளை வாயிலுக்குக் கொண்டுவரும் திறமுடைய நிறுவனத்தால், பத்துப் பக்கத்தைத் தமிழாக்க முடியாதா? முடியாமை அன்று, தேவையின்மை. விளங்கிவிட்டால் வினவுவான் என்னும் அச்சம்.

நம்மையும் நாம் கடிந்துகொள்ளவேண்டும். புதுப்பொறிகளுக்குப் பெயர் சூட்டுவதில் காட்டிய முனைப்பை, அப்பொறிக்குக் கீழே நசுங்குபவனின் துயர் துடைப்பதில் நாம் காட்டினோமில்லை. உந்துருளி என்று பெயரிட்டு மகிழ்ந்தோம். அதில் மழையில் நனைந்து செல்பவனை மறந்தோம். உழைப்பவன் வயிற்றோடு ஒட்டாத மொழிப்பற்று வேரற்ற பயிராகும். தனித்தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் வீட்டு வாயிலுக்கு வரும் உழைப்பாளியிடம் இரண்டு சொல் பேசுங்கள். அவர்தம் கைப்பேசியில் உள்ளதைத் தமிழில் எடுத்துரையுங்கள். அவர் முறையீட்டைத் தமிழில் எழுதித் தாருங்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கு மடல் விடுங்கள். ஊர்தோறும் நம் மன்றங்கள் மாலையில் ஒரு மணிநேரம் இதற்கென ஒதுக்கட்டும்.

பொறி நமக்குப் பகையன்று. பொறிக்குப் பின்னே ஒளிந்துகொள்பவனே பகை. அவனை வெளியே வரச் சொல்வோம். வந்து, தமிழில் விடை சொல்லச் சொல்வோம். அன்றிரவு அவ்விளைஞர் நம்மிடம் கேட்ட வினா இன்னும் விடையின்றி நிற்கின்றது: நாளைக்கு வேலை உண்டா, இல்லையா? அதற்கு அவர் மொழியில் விடை கிடைக்கும் நாள்வரை, தமிழ் இந்நாட்டில் ஆள்கின்றது என்று நாம் சொல்லிக்கொள்ள இயலாது.

எழுக தமிழர்! உழைப்பும் மொழியும் ஒருங்கே வெல்க!