வெள்ளையடித்தால் சுத்தம் ஆகிவிடுமா?

திருப்பணி என்றால் முதல் வேலை வெள்ளையடிப்பதுதான் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஊறிப்போய்விட்டது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்த மறுவாரம் சாரம் கட்டுகிறார்கள். கம்பி பிரஷ் வைத்துச் சுவரைச் சுரண்டுகிறார்கள். வாளி வாளியாகப் பூசுகிறார்கள். எல்லாம் முடிந்ததும், "கோவில் பளிச்சுன்னு ஆயிடுச்சு சார்" என்று பூரிப்போடு சொல்கிறார்கள். பளிச்சென்று ஆனது உண்மைதான். அதற்கு முன்னால் அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் பக்கத்து ஊர்க் கோவில் ஒன்றில் முன்மண்டப விதானம் முழுக்க நாயக்கர் காலத்துப் பாணியில் ஓவியம் இருந்தது. கல்யாண ஊர்வலம், மேளக்காரர்கள், ஓரத்தில் கிளிகள். பாதி உதிர்ந்து, மீதி புகை படிந்து கிடந்தது. போன திருப்பணியில் அதன்மேல் வெள்ளை எமல்ஷன் அடித்துவிட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கைக்காசு போட்டு உழைத்தவர். அவர் சொன்ன பதில்: "அழுக்கா இருந்துச்சு சார். வெள்ளைன்னா சுத்தம். சாமிக்கு உகந்தது."

அந்த மனிதரோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வாக்கியத்தோடுதான் சண்டை.

வெள்ளை என்றால் சுத்தம் என்று யார் சொன்னது? நம் சரஸ்வதி வெள்ளைப் புடவையில் வெள்ளைத் தாமரையில் இருக்கிறாள், சரி. அதே வெள்ளைப் புடவையை நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு எதற்காக உடுத்தினோம்? எத்தனையோ வீடுகளில் பதினெட்டு வயதுப் பெண்ணின் நிறங்களைப் பிடுங்கிக்கொண்டு அந்த வெள்ளையைக் கொடுத்தார்கள். அதில் என்ன உகந்தது இருந்தது? சீனத்து ஓபெரா மேடையில் முகம் முழுக்க வெள்ளை பூசிக்கொண்டு ஒருவன் வந்தால் அவன் சூழ்ச்சிக்காரன் என்று சபைக்குப் புரிந்துவிடும். சாவோ சாவோ என்ற அவர்கள் கதை வில்லனுக்கு அந்த வெள்ளை முகம்தான். இங்கே பக்கத்தில் கதகளியில் அனுமனுக்கு வெள்ளைத் தாடி. பச்சை வேஷக்காரரின் தாடையைச் சுற்றி வெள்ளைச் சுட்டி வைப்பார்கள். பழைய முறையில் அது அரிசி மாவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்தது. அந்தச் சுட்டி இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் பச்சை முகம் இருட்டோடு கரைந்துவிடும். ஆக, வெள்ளை என்ன சொல்கிறது என்பது பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் எதுவுமே இல்லை என்றால் அது ஒன்றும் சொல்லவில்லை.

(சுத்தம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் பெரிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய வெள்ளை, ஈய வெள்ளை. ஈயத் தகடுகளைக் காடி ஊற்றிய பானைகளில் வைத்து, குதிரைச் சாணத்தில் வாரக்கணக்கில் புதைத்துவைத்து எடுப்பார்கள். கடுமையான நஞ்சு. தேவதைகளின் இறக்கை வெண்மை எல்லாம் அந்தச் சாணிக் குழியிலிருந்து வந்ததுதான்.)

தஞ்சைப் பெரிய கோவில் கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில் சோழர் ஓவியம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் சுந்தரர் வெள்ளை யானை மேல் கயிலாயம் போகிறார். சேரமான் பெருமாள் குதிரையில் போகிறார். அங்கே வெள்ளை என்பது வெற்றிடம் அல்ல, ஓவியன் வேண்டும் என்று எடுத்து வைத்த நிறம். செங்காவியும் மஞ்சட்காவியும் சுற்றி நிற்பதால்தான் அந்த யானை வானத்து யானை. அந்த வெள்ளை எதனால் ஆனது? சாட்சாத் சுண்ணாம்பு. நம் கமிட்டிக்காரர் வாளியில் கலக்க வேண்டிய அதே பொருள்.

முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். அதைக் குழைத்துச் சுவரில் பூசினால், காற்றில் உள்ள கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் நிறம் தீட்டினால், கல்லாகும் சுண்ணாம்பு அந்த நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பசை தேவையில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930-களில் தஞ்சை ஓவியங்களை ஆராய்ந்து, இவை ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டியவை என்று எழுதினார். ஆயிரம் ஆண்டு நின்றதற்கு இதுவே காரணம். வடமொழியில் சுதா என்ற சொல்லுக்கு அமுதம் என்றும் சுண்ணாம்பு என்றும் இரண்டு பொருள் உண்டு. நாம் சுதைச் சிற்பம் என்கிறோமே, அந்தச் சுதைதான். வெள்ளை நம் ஓவியத்துக்குத் தாய். அந்தத் தாயைக் கொண்டே பிள்ளையின் முகத்தை மூடுகிறோம் என்பதுதான் என் ஆத்திரம்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. கிரேக்கச் சிலைகள் என்றதும் நம் மனதில் வருவது வெள்ளைப் பளிங்கு. பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் பார்த்தோம். உண்மையில் அவற்றுக்குச் சிவப்பும் நீலமும் பொன்னிறமும் பூசியிருந்தார்கள். மண்ணில் புதைந்தும் மழையில் நனைந்தும் வண்ணம் போய், மிச்சம் இருந்ததைத்தான் பிற்காலத்தார் கண்டார்கள். ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மான் 1764-இல் வெளியிட்ட பண்டைக் கலை வரலாற்றில், உடல் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு அழகு என்ற கருத்தில் எழுதினார். ஐரோப்பா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டது. விளைவு என்ன தெரியுமா? பார்த்தனான் கோவிலிலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போன சிற்பங்களை, 1937, 38-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் செப்பு உளியும் கார்போரண்டமும் வைத்துத் தேய்த்தார்கள். புதிய காட்சிக்கூடம் திறக்கப் போகிறது, டுவீன் பிரபு பணம் கொடுக்கிறார், சிலைகள் வெள்ளையாக இருக்க வேண்டும்! காலம் கொடுத்திருந்த தேன் நிறத் தோல் பல இடங்களில் போயே போய்விட்டது. 2009-இல் அகச்சிவப்புக் கதிர் முறையில் படம் எடுத்துப் பார்த்தபோது, அதே சிற்பங்களின் மடிப்புகளில் எகிப்திய நீலத்தின் துகள்கள் இன்னும் ஒட்டியிருந்தது தெரிந்தது. தேய்த்த கைக்கு எட்டாமல் தப்பித்தவை.

படித்தவர்கள், உலகப் புகழ் பெற்ற நிறுவனம், கையில் கம்பி பிரஷ் இல்லாமல் செப்பு உளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது எதிர்க் கட்சிக்காரர்களின் வாதத்துக்கு வருகிறேன். அவர்களிடம் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "வெள்ளை அடித்ததால்தானே பல ஓவியங்கள் பிழைத்தன?" என்பார்கள். உண்மை. இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊர்ச் சிற்றாலயத்தின் சுவரோவியங்களை 1563-64-இல் சமயச் சீர்திருத்த ஆணைப்படி மறைத்தார்கள். அதற்கு இரண்டு ஷில்லிங் கொடுத்ததாக ஊர்க் கணக்கில் பதிவானது. அந்தக் கணக்கைப் பார்த்தவர் ஜான் ஷேக்ஸ்பியர். நாடக ஆசிரியரின் தகப்பனார்! 1804-இல் சுண்ணாம்பை நீக்கியபோது ஓவியங்கள் உள்ளே இருந்தன. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் மறைந்து கிடந்த மொசைக்குகளை 1931-இல் தாமஸ் விட்டமோர் குழு வெளிக்கொணரத் தொடங்கியது. அதே 1931-இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சையில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியத்தைக் கண்டார். மேலே வந்த பூச்சுதான் கீழே இருந்ததை முந்நூறு ஆண்டு காத்தது என்று வாதிட்டால் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஐயா, அது சுண்ணாம்பு! அதற்கு மூச்சு உண்டு. சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். இன்று நீங்கள் அடிப்பது பிளாஸ்டிக். எமல்ஷன் என்று டப்பாவில் வருவது காய்ந்ததும் ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. நம் டெல்டா மண்ணில் அடித்தளத்திலிருந்து உப்போடு ஈரம் ஏறும். அது வெளியேற வழியில்லாமல் படலத்துக்குப் பின்னால் தங்கும். தண்ணீர் வற்றினால் உப்பு படிகமாகிப் பழைய காரையைத் தள்ளும். மூன்று நான்கு மழைக்காலம் போனால் பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி, நாநூறு வருஷத்துக் காரையையும் ஓவியத்தையும் ஒட்டிக்கொண்டு கீழே விழும். அந்தச் சில்லுகளைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் கொட்டிவிட்டு, மறுபடி ஒரு கோட்டிங். பிழைத்த கதையெல்லாம் பழைய வெள்ளையின் கதை. புது வெள்ளை அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த வேறு ஆசாமி.

பழைய சுண்ணாம்பும் பரம சாது இல்லை. காஞ்சி கைலாசநாதர் கோவிலின் சிற்றறைகளில் பல்லவர் ஓவியம் இன்று துண்டும் துணுக்குமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கே போய் ஒரு நிமிஷம் நின்றால் போதும், எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும். மேலே மேலே அடித்த பூச்சை நீக்கும்போது நிறமும் சேர்ந்து வருவது நிபுணர் கையிலேயே நடக்கிறது. அடிக்காமல் இருந்திருந்தால் நீக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கல் சுவரில் மணலைப் பீய்ச்சியடிக்கும் கொடுமை தனி. கல்வெட்டு எழுத்து தேய்ந்து போனது பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். இப்போது ரத்த அழுத்தம் ஏறும்.

"அப்படியானால் அழுக்காகவே விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். வெளி மதிலுக்குக் காவியும் வெள்ளையும் பட்டை அடியுங்கள், யார் வேண்டாம் என்றது? மடைப்பள்ளிக்கு அடியுங்கள், மாட்டுக் கொட்டகைக்கு அடியுங்கள். ஓவியம் உள்ள சுவரையும் விதானத்தையும் மட்டும் தொடாதீர்கள். தஞ்சையில் நாயக்கர் படலத்தைத் தனியாக உரித்தெடுத்து, கீழே சோழர் படலத்தையும் காப்பாற்றி, இரண்டையும் தொல்லியல் துறையினர் வைத்திருக்கிறார்கள். அந்த வித்தை தெரிந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வரும் வரை புகையும் ஒட்டடையும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். வௌவால் வராமல் வலை கட்டலாம், மேல் தளத்து ஒழுக்கை அடைக்கலாம். ஓவியத்துக்கு அதைவிடப் பெரிய திருப்பணி கிடையாது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கும்பாபிஷேகப் பேச்சு எழுந்த கோவில் உங்கள் ஊரில் இருந்தால், சாரம் கட்டுவதற்கு முன்பே பேரனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் எல்லாச் சுவரையும் விதானத்தையும் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெறும் வெள்ளையாகத் தெரியும் சுவரையும் விடாதீர்கள். பூச்சு உடைந்த ஓரங்களில் உற்றுப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரியும் விளிம்பில் ஒரு செம்மண் கோடோ பச்சையோ இருந்தால் அடியில் ஏதோ இருக்கலாம். நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அந்தப் படத்தை இணைத்து அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் பதிவுத் தபாலில் மனு போடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எங்கள் பக்கத்து ஊர்க் கிளிகளுக்கு நான் அதைச் செய்யப் போவதற்குள் வாளி வந்துவிட்டது.