வாசலைத் திறந்தவர்களும் பீடத்தை மூடியவர்களும்

"எல்லா மதங்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்! கோயிலும் அப்படித்தான், மாதாகோயிலும் அப்படித்தான்!" என்று முழங்கினார் இளந்தோழர் ஒருவர், சீர்காழிக் கூட்டத்திலே. கையொலி எழுந்தது. நான் கை தட்டவில்லை.

கடவுளிடம் எனக்குத் திடீரெனக் காதல் பிறந்துவிட்டதென எண்ணிவிடாதீர், தோழர்களே! கன்னி ஈன்ற கதையையும், கடல்மீது நடந்த கதையையும், இதே சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மை வந்து ஞானப்பால் ஊட்டிய கதையையும் ஒரே தராசில் வைத்து ஒரே விலைதான் தருவேன். ஆனால் கதை வேறு, கணக்கு வேறு. கணக்கென்று வந்தபின் பற்றை மட்டும் எழுதி வரவை மறைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன், பொய்க்கணக்கன்.

வரவைப் பார்ப்போம். சீர்காழிக்குத் தெற்கே, கடலோரத்தில் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் நாள், டேனிஷ் மன்னர் அனுப்பிவைக்க, அங்கு வந்திறங்கினார் சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர். மறுநாள்தான் அவருக்கு இருபத்து நான்கு வயது. சிறுவரோடு சிறுவராக அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். மறு ஆண்டே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தார். அச்சுப்பொறி வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சேறி முடிந்தது. காகிதம் போதவில்லையா? பொறையாற்றுப் பக்கம் பட்டறை வைத்துச் செய்! கடுதாசிப் பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதற்கு இன்றும் சான்று.

"மதம் மாற்றத்தானே பள்ளி வைத்தான்?" என்பர் சனாதனிகள். ஆம், அதற்குத்தான்! மறுப்பார் யார்? ஆனால் மதம் மாற்றும் நோக்கமே இல்லாத புண்ணியவான்கள் இந்தக் காவிரிக் கரையில் பன்னெடுங்காலம் வேலி வேலியாக நஞ்சையை ஆண்டார்களே, அவர்கள் ஏன் வைக்கவில்லை? மடங்கள் தமிழ் வளர்த்தன, ஒப்புகிறேன். சேரிப் பிள்ளைக்கு அங்கே ஒரு பாய் விரித்ததுண்டா?

அதிகாரத்தின் அடிவருடியாகவே அந்த இளைஞர் வந்தார் என்பதும் முழு உண்மையன்று. ஒரு தமிழ்க் கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவள் பக்கம் பேசப்போய் எழுந்த பூசலில், 1708இல் அவரைச் சிறையிலிட்டவர் யார்? தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி. அதே ஏசுவைத் தொழுதவர்! நான்கு மாதம் கோட்டைக்குள் கிடந்தார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் ஆராய்ந்தெழுதிய நூலை அச்சிட மறுத்தவர்களும் அவரை ஆதரித்த ஹாலேப் பெரியவர்களே. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

இனி, இதே சீர்காழியில் முன்சீபாக அமர்ந்து வழக்குத் தீர்த்த வேதநாயகம் பிள்ளையை எந்தக் குட்டையில் ஊறிய மட்டை என்பீர்கள்? அவர் கத்தோலிக்கர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டவர். பெண் கல்விக்கு வாதாடியவர். 1879இல் தமிழின் முதல் நாவலைத் தந்தவர்.

வரவு இது. பற்றோ நெஞ்சைச் சுடுகிறது. சுடட்டும், மறைக்கமாட்டேன்.

தஞ்சை மன்னரின் படையில் சேவைக்காரராக இருந்தவர் இராஜநாயக்கன். பறையர் குலத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான புத்தகமொன்று அவர் கைக்கு எட்டியது. படித்தார். எழுத்தைத் தொடவே கூடாதென்று எவரை விலக்கி வைத்திருந்தார்களோ, அவர் கையிலே அச்சுப் புத்தகம்! படையை விட்டார், மிஷனில் உபதேசியாரானார், தஞ்சைச் சீமையெங்கும் அலைந்து சபைகளை வளர்த்தார். 1733இல் வேளாளரான ஆரோன் குருவாக்கப்பட்டார். அடுத்தவரைத் தேடியபோது இராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. ஆனால் அவர் கையால் வேளாளக் கிறித்தவர்கள் இராப்போசனம் வாங்கமாட்டார்களே என்று அஞ்சினார்கள் மிஷனரிமார். 1741இல் தியோகு என்பவர் குருவானார். இராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே இறந்தார்.

புத்தகத்தைக் கொடுத்த கை பீடத்தைக் கொடுக்கவில்லை! 1718இல் எழுந்த புது எருசலேம் கோயிலிலும் சாதிக்கொரு தனியிடம். ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் 'சபைக்குள் சாதி கூடாது' என ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வெகுண்டெழுந்தனர் சாதிக் கிறித்தவர்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத அழுக்கு!

"பார்த்தீரா, நான் சொன்னதுதானே?" என்கிறீர்களா? பொறுங்கள். உள்ளே தனியிடம் கொடுத்தது கொடுமைதான். ஆனால் எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் நுழையலாம் என்பதற்கே இந்த மாகாணத்தில் 1947இல் ஒரு சட்டம் தேவைப்பட்டதே, மறந்துவிட்டதா? 1718க்கும் 1947க்கும் இடையே எத்தனை தலைமுறை வெளித்தெருவிலேயே நின்று வெந்தது! இந்த வேற்றுமையைக் காண மறுக்கும் கண்ணுக்குப் பெயர் நடுநிலையா?

இராஜநாயக்கனுக்கு மூடப்பட்ட பீடம் நமக்குப் புதிதும் அன்று. பெரியார் இறுதிவரை தட்டிய கருவறைக் கதவின் உடன்பிறப்பு அது. 1970இல் சட்டம் செய்தோம். எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் என்ற பணி ஆணைகள் 2021 ஆகஸ்டில்தான் கைக்கு வந்தன. கத்தோலிக்கத் திருச்சபை தாழ்த்தப்பட்டோரில் ஒருவரை முதன்முதலாகக் கர்தினால் ஆக்கியதும் 2022இல்தான். அர்ச்சகராக வேண்டுமென்ற ஆசையா பெரியாருக்கு? இல்லை, தடுக்க எவனுக்கும் உரிமையில்லை என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை மாதாகோயில் வாசலிலும் கேட்போம். உள்ளிருந்தே கேட்கும் கிறித்தவத் தோழருக்குத் துணை நிற்போம். 'எல்லாம் மட்டை' என்று எறிந்துவிட்டு வருகிறவன், அவரைச் சாதிக் கிறித்தவனிடம் தனியே விட்டுவிட்டு வருகிறான். அதுமட்டுமா? மாதாகோயிலை இடிக்கக் கடப்பாரையோடு காத்திருப்பவனுக்கும் கைப்பிடி செய்து தருகிறான்.

அடுத்த ஞாயிறு பேருந்தேறித் தரங்கம்பாடி போய்வாருங்கள், தோழர்களே. புது எருசலேம் கோயிலில் பீடத்தின் முன் சீகன்பால்கு துயிலும் இடத்தைக் காட்டுவார்கள். பாருங்கள். பார்த்தபின், இராஜநாயக்கன் எங்கே என்று கேளுங்கள்.