பாங்கொலி எட்டாத வீடு பிள்ளைக்கு நலமா?



"பிள்ளைகளின் நலனுக்காகத்தான் ஊரப்பாக்கம் பக்கம் போகிறோம், ஹஜ்ரத்." சில ஆண்டுகளாகச் சென்னை மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் நான் அடிக்கடி கேட்டுவரும் சொல் இது. மாலை மதரஸாவின் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரை அடிக்கும்போதெல்லாம் பெற்றோர் கூறும் காரணம் இதுவாகவே இருக்கிறது. அந்தக் காரணம் பிழையானது என்பதே என் வாதம்.

நகரத்தின் குறைகளை நான் மறைக்கவில்லை. இரண்டு அறைகளில் ஆறு பேர் உறங்குகிறார்கள். வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது. தெருமுனையில் நள்ளிரவு வரை கூடி நிற்கும் இளைஞர்களைப் பார்த்துத் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். இவை உண்மை. ஆயினும், விசாலமான வீடும் விளையாட்டுத் திடலும் இருந்தால் பிள்ளை தானாக நல்லொழுக்கத்துடன் வளர்ந்துவிடும் என்பது எங்கிருந்து வந்த நம்பிக்கை? தெருமுனைக்கு அஞ்சி இடம் பெயர்ந்தவர்கள், அதைவிடப் பெரிய தெருமுனையைக் கைப்பேசி வடிவில் பிள்ளையின் கையில் கொடுத்தல்லவா உடன் அழைத்துச் செல்கிறார்கள்?

முதலில் தந்தையின் நேரத்தைக் கணக்கிடுவோம். கடை மண்ணடியில், வீடு கூடுவாஞ்சேரியில். கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு வழிப் பயணமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளை எழுவதற்குள் புறப்பட்டு, அவன் உறங்கிய பின் வீடு திரும்பும் தந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மிஞ்சுகிறது. உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரகிலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் அமைந்த இறைக்கட்டளை (66:6) நம்பிக்கையாளர்களை நோக்கியே வந்தது. அந்தக் கடமையை அடுக்குமாடியின் காவலாளியிடமோ இணையவழி ஓதல் வகுப்பிடமோ ஒப்படைத்துவிட முடியாது.

அடுத்தது பள்ளிவாசல். என்னிடம் ஓதிய பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், இடம் மாறி ஓராண்டு கழித்து ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் காண வந்தான். மனப்பாடம் செய்திருந்த ஸூராக்களில் பாதியை மறந்திருந்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மறந்ததை மீண்டும் ஓதிக்கொள்ளலாம். "அங்கே பாங்கு காதில் விழாது ஹஜ்ரத், அத்தாவின் போனில்தான் கேட்கும்" என்று அவன் சொன்னபோதுதான் என் நெஞ்சு கனத்தது. ஹவ்ழில் உளூச் செய்து, பெரியவர்களின் தோளோடு தோள் உரச ஸஃப்பில் நின்று, ஒருநாள் தானும் பாங்கு சொல்ல வேண்டும் என ஏங்கிய பிள்ளை அவன்.

திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில், ரமளான் மாதம் நோன்பு திறப்போருக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துச் சகோதரர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உணவு பரிமாறி வருகிறார்கள். அந்த வரிசையில் அமரும் பிள்ளை, ஏழையோடும் பயணியோடும் ஒரே விரிப்பில் உண்கிறான். மாற்று மதத்தவரின் அன்பையும் நேரில் காண்கிறான். பூட்டிய வாயிற்கதவுக்குள் தன் வருமானத்தவரை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு இதை எந்தப் பாடநூல் கற்பிக்கும்?

பெண்பிள்ளைகளின் நிலையும் இதுவே. பாட்டியும் சாச்சியும் பழைய தெருவில் தங்கிவிட, தாயும் மகளும் நான்கு சுவர்களுக்குள் தனித்துவிடுகிறார்கள். நடந்து செல்லும் தொலைவில் இருந்த நிஸ்வான் மதரஸா, வாகனம் பிடித்துச் செல்லும் தொலைவுக்குப் போய்விடுகிறது. சில மாதங்களில் அதுவும் நின்றுவிடுகிறது.

மார்க்கம் அறிந்த சிலர் இரண்டு சான்றுகளை என் முன் வைப்பதுண்டு. முதலாவது, நபி (ஸல்) அவர்கள் குழந்தைப் பருவத்தில் மக்காவை விட்டுப் பாலைவனத்தில், ஹலீமா ஸஅதிய்யா (ரலி) அவர்களிடம் வளர்ந்த வரலாறு. உண்மைதான். ஆனால் தூய காற்றோடு தூய மொழியையும் பனூ ஸஅத் குலம் அவர்களுக்கு வழங்கியது. வளர்ப்பதற்கு ஒரு தாயும், சூழ ஒரு சமூகமும் அங்கே இருந்தன. பக்கத்து வீட்டாரின் பெயரே தெரியாத குடியிருப்பை அதற்கு ஒப்பிடலாமா?

இரண்டாவது, தொலைவிலிருந்து பள்ளிவாசலுக்கு வரும் ஒவ்வோர் அடியும் நன்மையாகப் பதியப்படும் என்று பனூ ஸலிமா குலத்தாருக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த நற்செய்தி. அக்குலத்தார் விரும்பியது பள்ளிவாசலை நெருங்கி வர. நாம் விரும்புவதோ விலகிச் செல்ல. அவர்கள் தொலைவைக் கடந்து ஜமாஅத்துக்கு வந்தார்கள். நாம் தொலைவையே காரணமாக்கி வராமல் இருக்கிறோம்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் சந்ததியை விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் குடியமர்த்தியதைக் குர்ஆன் (14:37) கூறுகிறது. இறையில்லத்தின் அருகே அவர்கள் தொழுகையை நிலைநாட்ட வேண்டும் என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். நாமோ விளைச்சலைத் தேடித் தொழுகையை விட்டகல்கிறோம். அதற்காக இருபது ஆண்டு வட்டிக்கடனையும் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். வட்டியால் எழுந்த சுவருக்குள் வளரும் பிள்ளைக்கு ஹலால், ஹராமை எந்த முகத்துடன் கற்பிப்பது?

புறநகருக்கே செல்லக் கூடாது என்று நான் கூறவில்லை. வாடகை தாளாமல் செல்வோரின் நிலையை அல்லாஹ் அறிவான். பல்லாவரம் போன்ற இடங்களில் பழைய மஹல்லாக்களும் உள்ளன. ஆனால் முன்பணம் கொடுக்குமுன் ஒரு நாள் உங்கள் மகனின் கைப்பிடித்து, அந்த வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு ஃபஜ்ருக்கும் மஃரிபுக்கும் நடந்து பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை தனியே நடக்கக்கூடிய தொலைவாக இருந்தால் அவ்வீடு உங்களுக்கு உரியது. இல்லையெனில், தனியே செல்லாதீர்கள். நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து செல்லுங்கள். குடியேறிய முதல் வாரத்திலேயே ஒரு வீட்டின் கூடத்தில் மக்தபைத் தொடங்குங்கள். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள் நுழையுமுன் குபாவில் பள்ளிவாசலுக்கு அடித்தளமிட்டார்கள். குடியேற்றத்தின் ஒழுங்கை நமக்குக் கற்பிக்க அந்த ஒரு செயல் போதும்.

நம் பிள்ளைகளைத் தொழுகையை நிலைநாட்டுவோராக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.