எங்கும் ஓடும் என்னும் பிரமை

ஜாவாவில் ஒருமுறை எழுதிய நிரல் எந்த இயந்திரத்திலும் மாறாமல் ஓடும் என்று 1990களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் முழங்கியதை வேதவாக்காகக் கொண்டவர்கள், கணக்குக்குப் பெரும்பாலும் பொருந்துகிற அந்த வாக்குறுதி சித்திரத்துக்கும் பொருந்தும் என்று நம்பிவிட்டார்கள். இந்த அபிப்பிராயம் தவறு என்பது மாத்திரமல்ல, தமிழுக்குத் தீங்கும் செய்கிறது.

முக்கொம்பில் பிரிந்து, ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கி ஓடும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அன்றாடம் செல்லும் நீரின் அளவை, ஜேஃப்ரீசார்ட் என்னும் ஜாவா நூலகம் கொண்டு வரைபடமாக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் அதை எழுதியவருடைய மடிக்கணினியில் கோடுகளும் பெயர்களும் செவ்வனே தோன்றுகின்றன. அதையே திரையும் தமிழ் எழுத்துருவும் இல்லாத லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும், கோடுகள் அணுவளவும் பிசகாதிருக்க, 'கொள்ளிடம்' என்றிருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. சில சமயம் படமே பிறவாமல், எழுத்துரு அமைப்பைத் தேடுமிடத்தில் நிரல் விழுந்துவிடுகிறது. உடனே ஒருவர் சரியாயிருக்கும் நிரலைத் திருத்தப் புகுகிறார்; மற்றொருவர், தமிழ் இதற்கெல்லாம் ஒத்துவராது, ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாம் என்று தீர்ப்பளிக்கிறார்.

இந்தத் தீர்ப்பைத்தான் நான் கண்டிக்கிறேன். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தனவே, அத்தகைய வேளையில் கரையோரத்துக் குடியானவர் படிக்க முடியாத வரைபடத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

'ஸ்ரீ' என்னும் எழுத்து நான்கு குறியீடுகள் கூடி ஓருருவாவது. அந்தச் சேர்க்கையை நடத்தும் ஹார்ஃபஸ் என்னும் சாதனத்தை ஜாவா தன் 9ஆம் பதிப்பு முதல் கையாளுகிறது. ஆகையால் தமிழ் ஒத்துவராது என்பது அபவாதம். குறை எழுத்துரு இல்லாமையே. திரையின்றி ஜாவாவை ஓட்டும் ஹெட்லெஸ் முறை திரையில்லாக் குறையைத் தீர்க்குமேயன்றி எழுத்துருவைக் கொணராது. ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பாகிய ஓபன்ஜேடிகே எழுத்துருக்களைச் சுமந்து வருவதில்லை. ஆரக்கிளும் தன் ஜாவாவின் 11ஆம் பதிப்பில் லூசிடா எழுத்துருக்களை நீக்கிவிட்டது. மெலிந்த கண்டெய்னர்களிலோ ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப் என்னும் துணைநூலகங்களும் பெரும்பாலும் இரா. இவ்விரண்டையும் நிறுவி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றதொரு எழுத்துருவை நிரலோடு கட்டியனுப்பி, தலைப்பு, அச்சுகள், குறிவிளக்கம் ஒவ்வொன்றுக்கும் அதையே பெயர் சொல்லி நியமித்தால் கட்டங்கள் மறைகின்றன.

எஸ்விஜி படத்தில் இடர் வேறு: அங்கே எழுத்து எழுத்தாகவே செல்வதால், அதை வரைவது வாசகருடைய இயந்திரம். எஸ்விஜி ஆக்கும் பாட்டிக் என்னும் ஜாவா நூலகத்தில் எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றினால் உருவம் எங்கும் ஒன்றாயிருக்கும். ஆனால் 'ஸ்ரீரங்கம்' என்று தேடினால் அகப்படாது. தேட வேண்டிய படத்துக்கு எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்து அனுப்புவதுதான் முறை.